பார்க் வரப்போகிறதா? வரைபடம் போடுவதற்கு முன்னால் நாம் சொல்ல வேண்டியவை

மதுரையை ஒட்டி இருக்கிற எங்கள் குடியிருப்பு நகரில் ஒரு காலி இடம் உண்டு. நடுவில் ஒரு வேப்பமரம், ஒரு மூலையில் உடைந்த சிமென்ட் தொட்டி, மற்றபடி பொட்டல். போன சித்திரையில், ஒரு புதன்கிழமை காலை 11 மணிக்கு அங்கே சாமியானா போட்டுக் கூட்டம் நடத்தினார்கள், பார்க் வரப்போகிறது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று. இரண்டு கம்புக்கு நடுவில் வரைபடத்தைக் கட்டியிருந்தார்கள். அதன் மையத்தில் நீல நிறத்தில் ஒரு வட்டம், செயற்கை நீரூற்றாம். அன்று விடியற்காலையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டுவிட்டு வந்திருந்த எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் எழுந்து, "தம்பி, இதுக்குத் தண்ணி எங்கேருந்து வரும்?" என்று கேட்டார். வந்திருந்த பொறியாளர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "எஸ்டிமேட் எல்லாம் போட்டாச்சும்மா."

பெரியம்மா உட்கார்ந்துவிட்டார். கூட்டமும் அரை மணி நேரத்தில் முடிந்தது, வருகைப் பதிவேட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

கருத்துக்கேட்பு என்றால் என்ன, அதில் எது நிஜமானது என்று எனக்குப் படிக்கத் தோன்றியது அன்றைக்குத்தான். அப்படிப் படித்ததையும், அதற்கப்புறம் எங்கள் நகரில் முயன்று பார்த்ததையும் புதிதாகக் கேட்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் அந்த வார்த்தையையே எடுத்துக்கொள்வோம். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-ல் ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் பங்கேற்பு என்று நாம் சொல்வதை எட்டுப் படி உள்ள ஓர் ஏணியாக அதில் காட்டினார். அடிப்படிகளில் மக்களை உட்காரவைத்துச் சமாதானப்படுத்துவதோடு சரி. நடுப்படிகளில் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், ஒன்றிரண்டு பேரைக் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் முடிவு அதிகாரிகள் கையில்தான். மேல் படிகளில்தான் மக்களுக்கும் முடிவில் பங்கு வருகிறது. இந்த ஏணியை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கூட்டத்தைப் பாருங்கள், எந்தப் படியில் நிற்கிறோம் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எங்கள் புதன்கிழமைக் கூட்டத்துக்குப் பெயர் கருத்துக்கேட்பு, நடந்தது தகவல் சொல்வது. எஸ்டிமேட் முடிந்துவிட்டால் அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் பெயின்ட் நிறத்தைத்தான் மாற்ற முடியும். அதனால் நாம் பேச வேண்டிய நேரம் வரைபடத்துக்கு முன்னால், குறைந்தபட்சம் டெண்டருக்கு முன்னால். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சரி, அந்த இடம் எங்கிருந்து வந்தது? இது தெரியாமல் பேசப் போனால், யாரோ நமக்குத் தர்மம் செய்கிற மாதிரி கூச்சப்பட்டுக்கொண்டு நிற்போம். தமிழ்நாட்டில் மனைப்பிரிவு போடுகிறவர், மொத்த நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 2019-ல் வந்த கட்டட விதிகளிலும் இது இருக்கிறது. இதைத்தான் ஓ.எஸ்.ஆர். இடம் என்கிறார்கள். 3,000-லிருந்து 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடத்துக்குப் பதிலாக அதன் மதிப்பைப் பணமாகவும் கட்டலாம், அதற்கும் கீழே என்றால் தேவையில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனால் மீதி மூன்றரை ஏக்கர், அதாவது 350 சென்ட். அதில் 35 சென்ட் பூங்கா இடம். அந்த 35 சென்டின் விலையும் நாம் மனை வாங்கும்போது கொடுத்த பணத்துக்குள்தான் இருக்கிறது.

உங்கள் பத்திரத்தோடு ஒரு லேஅவுட் பிளான் நகல் இருக்கும், டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்புத் துறையின் அப்ரூவல் வாங்கிய மனை என்றால் கட்டாயம் இருக்கும். அதில் பூங்கா என்று எழுதிய கட்டத்தைத் தேடி, நேரில் போய் அளந்து பாருங்கள். வரைபடத்தில் 35 சென்ட் இருந்து தரையில் 28 சென்ட்தான் தேறுகிறது என்றால், நீரூற்றையும் ஊஞ்சலையும் பிறகு பேசலாம், முதலில் அந்த 7 சென்டைக் கேளுங்கள். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாப்பதற்கென்றே 1959-லிருந்து தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது.

பூங்கா அமைப்பது யார் வேலை? 1992-ல் கொண்டுவந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தில், நகர உள்ளாட்சிகள் பார்க்கக்கூடிய 18 வேலைகளின் பட்டியல் ஒன்று சேர்க்கப்பட்டது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் அதில் ஒன்று. ஆகவே மதுரை நகருக்குள் என்றால் மாநகராட்சி. 2011-ல் 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது சுற்றியிருந்த ஊர்கள் நிறைய உள்ளே வந்துவிட்டன. அதற்கு வெளியே என்றால் பேரூராட்சியோ ஊராட்சியோ. நீங்கள் எதில் வருகிறீர்கள் என்று வீட்டு வரி ரசீதைப் பார்த்தாலே தெரியும்.

எங்கே போய்ப் பேசுவது என்பதும் அதைப் பொறுத்ததுதான். ஊராட்சி என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். அங்கே தீர்மானமாக எழுதவைக்கலாம், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லலாம், நகல் கேட்கலாம். நகரம் என்றால் ஏரியா சபை. இது பலருக்குத் தெரியாது, 2022 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாடு முழுக்க முதல்முறை நடந்தது. ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியில் வாக்குரிமை உள்ளவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் அது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்பது விதி. அங்கே பேசியது வார்டு குழுவுக்குப் போகும், அதற்குக் கவுன்சிலர்தான் தலைவர். அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடமே கேளுங்கள், யாரும் கேட்காத ஊரில் அது சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூட்டத்தில் "பார்க்கில் என்ன வேண்டும்?" என்று கேட்டால் எல்லாரும் ஏற்கெனவே பார்த்த பார்க்கைத்தான் சொல்வார்கள். ஊஞ்சல், சறுக்கு, வாக்கிங் பாதை, ஓப்பன் ஜிம், வாசலில் ஓர் ஆர்ச். தப்பில்லை, ஆனால் அதை வைத்து உங்கள் இடத்துக்கு ஏற்ற பார்க்கை யாராலும் வரைய முடியாது. கேட்க வேண்டியது, இந்த இடத்துக்கு யார், எத்தனை மணிக்கு, எதற்காக வருகிறார்கள், யார் வர நினைத்தும் வராமல் இருக்கிறார்கள் என்பது.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு சனிக்கிழமை நானே நோட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலை ஐந்தரைக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர், இடத்துக்குள் வராமல் வெளியே தார் ரோட்டில்தான் சுற்றினார்கள், உள்ளே நெருஞ்சி முள். எட்டு மணிக்குப் பக்கத்துத் தெரு ஆடுகள். பதினொன்றிலிருந்து மூன்று வரை வேப்பமர நிழல் தவிர வேறு எங்கும் ஆள் நிற்க முடியவில்லை. அந்த நிழலில் ஓர் ஆட்டோ, உள்ளே ஓட்டுநர் தூக்கம், பின்னால் தையல் வேலை செய்கிற இரண்டு அக்காக்கள் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாலரைக்குப் பையன்கள் மட்டையோடு வந்தார்கள், ஒட்டுமொத்த இடமும் அவர்களுடையதாகிவிட்டது. ஐந்தரைக்குப் பெண் பிள்ளைகள் நாலு பேர் வந்து ஓரத்தில் சிமென்ட் தொட்டி மேல் உட்கார்ந்தார்கள், ஆறே காலுக்கு எழுந்து போனார்கள். ஏன் என்று கேட்டேன். "வடக்கு மூலையில லைட் இல்ல அங்கிள், அந்த வழியாத்தான் வீட்டுக்குப் போகணும்" என்றாள் ஒரு பெண். ஏழு மணிக்கு மேல் வயதான பெண்கள் ஐந்தாறு பேர் வந்து வாய்க்கால் கட்டையில் காற்றாட உட்கார்ந்தார்கள், ஒன்பது வரை பேச்சு.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். பணி ஓய்வு பெற்ற ஆண்கள், குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர்கள், அப்புறம் அந்தப் பெரியம்மா. நான் நோட்டில் குறித்த ஆட்களில் பாதிப்பேர் வரவே இல்லை. புதன்கிழமை 11 மணிக்குத் தையல் அக்கா எப்படி வருவார்? பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். கூட்டம் வைக்கிற நாளும் நேரமும்கூட ஒரு முடிவுதான், யார் பேசலாம் என்பதை அதுவே தீர்மானித்துவிடுகிறது. ஆகவே முதல் மனுவே இதற்காக இருக்கட்டும்: ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அந்த இடத்திலேயே கூட்டம் வையுங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நிற்கிறேன். ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தில் 1990-களில் இதை ஆய்வு செய்தார்கள். ஒன்பது, பத்து வயது தாண்டியதும் பெண் பிள்ளைகள் பார்க்குக்கு வருவது சட்டென்று குறைந்திருந்தது, பையன்கள் வருவது அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒரே ஒரு பெரிய விளையாட்டுத் திடல் இருக்கும்போது அதைப் பையன்கள் எடுத்துக்கொள்கிறார்கள், பெண் பிள்ளைகள் போட்டி போடாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். 1999-ல் இரண்டு பார்க்குகளை மாற்றிக் கட்டினார்கள். திடலைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, பாதைகளைச் சரிசெய்து, வாலிபால், பேட்மின்டன் ஆடவும் சேர்ந்து உட்காரவும் இடம் விட்டார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். வியன்னாவும் நம்ம ஊரும் ஒன்றா என்று கேட்பீர்கள். சிமென்ட் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த அந்த நாலு பேரைப் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

வெயிலைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஆனால் வரைபடங்களில் அது வருவதில்லை. தரை முழுக்க பேவர் பிளாக் பதித்தால் சித்திரை, வைகாசியில் சாயங்காலம் ஆறு மணிக்குக்கூட அதன் அனல் அடங்காது, மழைத் தண்ணீரும் உள்ளே இறங்காது. நடைபாதைக்கு மட்டும் போதும், ஊஞ்சல், சறுக்குக்குக் கீழே மணல் வேண்டும், பிள்ளைகள் விழுகிற இடம் அது. வேம்பு, புங்கை, பூவரசு, நாவல், இலுப்பை எல்லாம் நம் மண்ணில் நிற்கிற மரங்கள். கடம்பவனம் என்று பெயர் வாங்கிய ஊரில் ஒரு கடம்ப மரமாவது கேட்டு வாங்குங்கள். அழகுக்கு வரிசையாக வைக்கிற கோனோகார்பஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் நட்டால் முதல் மழையை அதுவே பிடித்துக்கொள்ளும், அதற்கப்புறம் வருகிற முதல் கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, இருக்கிற மரத்தை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். எங்கள் வரைபடத்தில் அந்த நீல வட்டம் எங்கே விழுகிறது என்று டேப் வைத்து அளந்தபோது, அது வேப்பமரம் நிற்கிற இடமேதான்.

நல்ல பொது இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம், ஒரு சாயங்காலம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் போனால் போதும். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம், பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிற்கிறபோது சுற்றுச்சுவரில் உட்கார்ந்தால் காற்று தனி. குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், சுவரே பெஞ்சு, நாலு பக்கமும் வெளிச்சம், எந்தப் பக்கமும் வரலாம், எழுந்து போகலாம். காசு கேட்பார் இல்லை. பொறியாளரிடம் பேசும்போது "தெப்பக்குளத்துச் சுவர் மாதிரி உட்காருகிற உயரத்துக்குக் கட்டுங்கள், மேலே கம்பி வேலி வேண்டாம்" என்று சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்.

அப்புறம், கசப்பான பகுதி ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டு எழுதினால் நேர்மையாக இருக்காது. மக்கள் கருத்து என்று கேட்டால் எல்லாம் இனிமையாக வராது. பிறகு எங்கள் இடத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், கேட்டுக்குப் பூட்டுப் போட்டு நம் நகர்க்காரர்களுக்கு மட்டும் சாவி கொடுக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். பின்தெருப் பிள்ளைகள் வந்தால் கெட்டுப்போகும் என்றார் ஒருவர். அவர்கள் பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, இருட்டிய பிறகு பாட்டிலோடு வந்து உட்காருகிறவர்களை எல்லாருமே பார்த்திருக்கிறோம். அதற்கு விளக்கு, மூடும் நேரம், ஒரு வாட்ச்மேன் என்று வழி உண்டு. ஆனால் தானப்பத்திரம் எழுதியது உள்ளாட்சிக்கு, சங்கத்துக்கு இல்லை. அது பொது இடம், பின்தெருப் பிள்ளைக்கும் எனக்கும் அதில் ஒரே உரிமை. தெருவைச் சொல்லி ஆளைத் தள்ளிவைக்கிற பேச்சு நம் ஊரில் எதன் மறுபெயர் என்று எல்லாருக்கும் தெரியும். இதை நான் எழுந்து சொன்னபோது இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், இன்னமும் சரியாகப் பேசுவதில்லை. பரவாயில்லை. கூட்டத்தை நடத்துகிறவர் முதலிலேயே "இது எல்லாருக்கும் பொதுவான இடம், யார் வரக்கூடாது என்ற பேச்சு இங்கே இல்லை" என்று சொல்லித் தொடங்கினால் பாதிச் சண்டை குறையும், நாங்கள் அப்படிச் செய்யவில்லை.

சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் வழி வேண்டும். வாசலில் ஒரு அடி உயரப் படி இருந்தால் சாய்தளம் 12 அடி நீளமாவது இருக்க வேண்டும், அதைவிடக் குறைத்தால் பின்னால் தள்ளுகிறவருக்கே மூச்சு வாங்கும். வரைபடத்தில் இதை ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. கட்டுகிற காசு ஒருமுறை, பராமரிக்கிற காசு ஒவ்வொரு மாதமும். தண்ணீர், கரண்ட் பில், துப்புரவு, உடைந்த ஊஞ்சலுக்குச் செயின், இதெல்லாம் யார் கணக்கில் என்று எழுத்தில் கேளுங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும், பூங்காவுக்கும் அதில் இடம் உண்டு. பணம் போட்டவர்களுக்குத்தான் பார்க் என்ற எண்ணம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

வாயால் சொன்னது நிற்காது, எழுத்துதான் நிற்கும். மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். "பூங்கா அமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று மட்டும் எழுதினால் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: "வடக்கு மூலையில் விளக்கு இல்லாததால் மாலை 6.15-க்கு மேல் பெண் பிள்ளைகள் வர முடியவில்லை. அங்கே ஒரு கம்பம் தேவை. வேப்பமரம் வரைபடத்தில் குறிக்கப்படவில்லை. அதை வைத்தே வரைபடத்தைத் திருத்த வேண்டும்." இடம், நேரம், காரணம், கேட்பது, அவ்வளவுதான். மண்டல அலுவலகக் குறைதீர் கூட்டத்திலோ திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸிலோ கொடுக்கலாம். நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரைபடத்தையே காட்ட மாட்டேன் என்கிறார்களா? 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பூங்காவின் வரைபட நகல், எஸ்டிமேட் நகல், தீர்மான நகல் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. நான் கேட்டேன், 26-வது நாளில் உறை வந்தது. எஸ்டிமேட்டில் நீரூற்றுக்கு மோட்டார் இருந்தது, மரத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய் இல்லை. அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் கையிலும் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் பேச்சே மாறியது.

இப்போது திருத்திய வரைபடம் வந்திருக்கிறது. நடுவில் வேப்பமரம், அதைச் சுற்றி உட்காருகிற உயரத்தில் வட்டத் திண்ணை. திடலை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், பையன்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். வடக்கு மூலை விளக்கு இன்னும் எஸ்டிமேட்டில் ஏறவில்லை. அடுத்த கூட்டத்துக்கு மனுவைப் பெரியவர்கள் எழுத வேண்டாம், நாங்களே எழுதுகிறோம் என்று அந்த நாலு பெண் பிள்ளைகளும் சொல்லிவிட்டார்கள். நேற்று எழுதிக் கொண்டுவந்து காட்டினார்கள், ஆறு வரிதான், விளக்கு எங்கே வேண்டும் என்று ஸ்கேல் வைத்துப் படமும் போட்டிருந்தார்கள்.